கிளிநொச்சியிலிருந்து சென்னை: வானில் எவ்வளவு, தரையில் எவ்வளவு?

கிளிநொச்சியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். எழுபதைத் தாண்டிய அம்மாவைக் கண் சத்திரசிகிச்சைக்காகச் சென்னைக்குக் கூட்டிச் செல்ல வேண்டுமாம். யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கும் சென்னைக்கும் இடையே விமானத் தூரமும் பயண நேரமும் எவ்வளவு என்று இணையத்தில் தேடியிருக்கிறார். ஒரு கணிப்பான் 354 கிலோமீட்டர், 27 நிமிடம் என்கிறது. இன்னொன்று 356 கிலோமீட்டர், 57 நிமிடம் என்கிறது. மூன்றாவது 379 கிலோமீட்டர் என்கிறது. விமான நிறுவனத்தின் அட்டவணையிலோ ஒரு மணி 15 நிமிடம் என்று இருக்கிறது. இவற்றில் எது சரி என்பதுதான் மேலோட்டமான கேள்வி. உண்மையான கேள்வி அவருடைய கடைசி வரியில் இருக்கிறது: பலாலியால் போவதா, கொழும்புப் பக்கத்து விமான நிலையமான கட்டுநாயக்கவால் போவதா, வீட்டை விட்டு எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும்? முதல் கேள்விக்கு விடை தெரிந்தால்தான் இரண்டாவதை நியாயமாகத் தீர்க்க முடியும் என்பதால் இரண்டையுமே எடுத்துக்கொள்கிறேன்.

வளைகுடா நாடொன்றில் விமானங்களுக்குப் பறப்புத் திட்டம் போடும் பிரிவில் பல வருடங்கள் வேலை செய்துவிட்டு, இப்போது மாங்குளத்தில் தோட்டம் செய்கிறேன். எந்த வழியால் பறப்பது, எந்த உயரத்தில், எவ்வளவு எரிபொருளோடு, எத்தனை நிமிடத்தில் என்று கணக்குப் போட்டு விமானியின் கையில் கொடுப்பதுதான் அந்த வேலை. நான் விமானம் ஓட்டியவன் அல்லன், வைத்தியனும் அல்லன். ஆகவே தூரத்தையும் நேரத்தையும் பற்றித் துணிந்து பேசுவேன். அம்மாவின் கண்ணைப் பற்றி இறுதியில் சொல்வதை, நீங்கள் வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்வியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தூரத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. சென்னை விமான நிலையம் வடக்கு அகலக்கோடு 12.99 பாகையிலும் கிழக்கு நெடுங்கோடு 80.17 பாகையிலும் இருக்கிறது. பலாலி 9.79 பாகை, 80.07 பாகை. நெடுங்கோடுகள் ஏறத்தாழ ஒன்றேதான், அதாவது பலாலி சென்னைக்கு நேர் தெற்கே கிடக்கிறது. இப்படி அமைந்த இரண்டு ஊர்களுக்குக் கணிப்பானே தேவையில்லை. அகலக்கோட்டு வித்தியாசம் 3.2 பாகை, நம்முடைய பகுதியில் வடக்குத் தெற்காக ஒரு பாகை 110.6 கிலோமீட்டர், பெருக்கினால் 354. நெடுங்கோட்டில் இருக்கும் பத்தில் ஒரு பாகை வித்தியாசம் கிழக்கு மேற்காகப் பதினொரு கிலோமீட்டர்தான். முக்கோணக் கணக்குப் போட்டால் அது இந்த விடையில் அரைக் கிலோமீட்டரைக்கூடக் கூட்டாது. மாலுமிகள் இதை இன்னும் சுருக்கமாகச் செய்வார்கள். ஒரு பாகைக்கு அறுபது கலை, ஒரு கலைக்கு ஒரு கடல் மைல். 3.2 பாகை என்றால் ஏறத்தாழ 192 கடல் மைல். கடல் மைல் ஒன்று 1,852 மீட்டர்.

அப்படியானால் இரண்டாவது கணிப்பானுக்கு 356 எங்கிருந்து வந்தது? அது பூமியை முழு உருண்டையாக எடுத்துக்கொண்டது. உருண்டையில் ஒரு பாகை எங்கும் 111.2 கிலோமீட்டர். உண்மையில் பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது. அதனால் மத்திய கோட்டுக்கு அருகே வடக்குத் தெற்குப் பாகை கொஞ்சம் குறுகி 110.6 ஆகிறது. தட்டையைக் கணக்கில் சேர்த்தவர் 354 என்கிறார், சேர்க்காதவர் 356 என்கிறார். சண்டை அவ்வளவுதான். மூன்றாவது கணிப்பானின் 379 வேறு வகை. அது விமான நிலையங்களை எடுக்காமல், சென்னை சென்ட்ரல் பக்கத்திலிருந்து யாழ்ப்பாண நகரத்தின் நடுப்பகுதி வரை அளக்கிறது. மீனம்பாக்கம் சென்னை நகரத்துக்குத் தென்மேற்கே இருக்கிறது, பலாலி யாழ் நகரத்துக்கு வடக்கே இருக்கிறது. இரண்டு நிலையங்களும் ஒன்றையொன்று நோக்கி உள்ளே தள்ளி நிற்பதால், விமானம் பறக்க வேண்டிய தூரம் நகரங்களுக்கு இடையிலான தூரத்தைவிட 25 கிலோமீட்டர் குறைகிறது. டிக்கெட் எடுப்பவருக்கு வேண்டியது 354தான்.

இது நேர்கோட்டுத் தூரம். விமானம் சரியாக நேர்கோட்டில் போவதில்லை. சென்னையின் பிரதான ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது, பலாலியின் ஓடுபாதை வடகிழக்குத் தென்மேற்காகக் கிடக்கிறது. தெற்கே போக வேண்டிய விமானம் முதலில் கடலை நோக்கியோ உள்நாட்டை நோக்கியோ கிளம்பித் திரும்ப வேண்டும், இறங்கும்போதும் ஓடுபாதையின் திசைக்கு வளைந்து வர வேண்டும். இடையில் சென்னைக் கட்டுப்பாட்டிடமிருந்து கொழும்புக் கட்டுப்பாட்டிடம் கைமாறும் இடத்தில், குறித்துவைத்த புள்ளியால்தான் கடக்க வேண்டும். ஆகவே உண்மையில் பறக்கும் தூரம் 354ஐவிட எப்போதும் சில பத்துக் கிலோமீட்டர் கூடவே இருக்கும். நேர்கோடு மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் தெற்கே கரையை விட்டு வங்காள விரிகுடாவுக்குள் இறங்கி, நாகப்பட்டினத்துக்குக் கிழக்கே கடல்மேல் வந்து பலாலியை அடைகிறது. இந்தப் பாதையில் பறக்கும் ஏடிஆர் என்ற காற்றாடி விமானத்தில் இறக்கை கூரையின் மட்டத்தில் இருப்பதால் கீழே பார்ப்பதற்கு மறைப்பில்லை. சென்னைக்குப் போகும்போது இடது பக்கம், திரும்பி வரும்போது வலது பக்கம் யன்னலோரம் கிடைத்தால் தமிழ்நாட்டுக் கரை தெரிய வாய்ப்புண்டு.

இனி நேரம். 27 நிமிடம் சொன்ன கணிப்பான் 354ஐ மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்துவிட்டு நின்றுகொண்டது. 57 சொன்னது அதே கணக்கின்மேல் ஏறவும் இறங்கவும் என்று அரை மணி நேரத்தைப் போட்டுக்கொண்டது. இரண்டுமே ஜெட் விமானத்தை மனதில் வைத்த கணக்கு. சென்னைக்கும் பலாலிக்கும் இடையே பறப்பது, இறக்கையில் இரண்டு காற்றாடிகள் சுழலும் ஏடிஆர் 72. சுமார் எழுபது பேர் ஏறலாம். ஏறி முடித்து ஒரே உயரத்தில் போகும் நிலைப் பறப்பில் அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 510 கிலோமீட்டர். ஆக, தூரத்தைச் சரியாகச் சொன்ன கணிப்பானும் நேரத்தில் தவறுகிறது, ஏனென்றால் எந்த விமானம் பறக்கிறது என்று அதற்குத் தெரியாது.

விமான நிறுவனம் அட்டவணையில் போடும் நேரம் பறப்பு நேரம் அல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தரிப்பிடத்தில் சக்கரத்துக்குக் கட்டை வைத்திருப்பார்கள். அதை எடுத்த நிமிடத்திலிருந்து, மறுமுனையில் மீண்டும் கட்டை வைக்கும் நிமிடம் வரை எண்ணுவதுதான் அட்டவணை நேரம். சென்னையில் இயந்திரத்தை இயக்கி, ஓடுபாதைவரை ஊர்ந்து, முன்னால் நிற்பவர்கள் கிளம்பும்வரை காத்திருப்பதற்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போய்விடும். ஏறுவதற்குக் கால் மணி நேரம், ஏறும்போது வேகம் குறைவு. நிலைப் பறப்பு இருபது, இருபத்தைந்து நிமிடம். இறங்கி, வளைந்து, தரையைத் தொடுவதற்குப் பதினெட்டு இருபது நிமிடம். பலாலி சிறிய இடம் என்பதால் ஊர்வது ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கூட்டினால் 68க்கும் 77க்கும் இடையில் நிற்கிறது. அதன்மேல் தாமதக் கணக்கில் விழுந்துவிடக் கூடாது என்று நிறுவனங்கள் இரண்டு மூன்று நிமிடத்தை ஒளித்து வைப்பதும் வழக்கம். ஆகவே ஒரு மணி 15 நிமிடம் என்பது நேர்மையான எண். பத்து நிமிடம் முன்னே பின்னே போகலாம்.

இதிலிருந்து ஒரு சுலபமான விதியை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். 2025 மார்ச் 30 முதல் திருச்சிக்கும் பலாலிக்கும் இடையே விமானம் பறக்கத் தொடங்கியது. அங்கே நேர்கோட்டுத் தூரம் 184 கிலோமீட்டர், சென்னைத் தூரத்தில் பாதிதான். ஆனால் அட்டவணை நேரம் ஏறத்தாழ ஒரு மணி. தூரம் பாதியாகியும் நேரம் பாதியாகவில்லை, ஏனென்றால் கிளம்புவதும் இறங்குவதும் ஊர்வதும் எந்தத் தூரத்துக்கும் ஒன்றுதான். அந்த நிலையான செலவு 35 நிமிடம் என்று வையுங்கள். தூரத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்து அதோடு 35ஐக் கூட்டுங்கள். சென்னை–பலாலிக்கு 42 கூட்டல் 35, வருவது 77. கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு 644 கிலோமீட்டர், அங்கே பறப்பது ஜெட். 800ஆல் வகுத்தால் 48 நிமிடம், 35ஐச் சேர்த்தால் 83. அட்டவணையும் ஒரு மணி இருபது, இருபத்தைந்து என்றுதான் காட்டும். அதாவது கட்டுநாயக்கவிலிருந்து போனால் வானில் 290 கிலோமீட்டர் கூடுதலாகப் பறக்கிறீர்கள். கூடுகிற நேரம் பத்து நிமிடம்கூட இல்லை. பலாலியின் அருமை வானில் இல்லை, தரையில்தான் இருக்கிறது.

போகும் நேரமும் வரும் நேரமும் வேறுபடுமா என்று பலரும் கேட்பார்கள். இலண்டனில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி சாதாரணம். கொழும்பிலிருந்து இலண்டன் ஏறத்தாழ 8,700 கிலோமீட்டர். மேலே மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகக் காற்று போகும்போது எதிர்க்கும், வரும்போது தள்ளிவிடும், அதனால் அரை மணி நேரம் அல்லது அதற்கு மேலும் வித்தியாசம் வரும். சென்னைப் பாதை வடக்குத் தெற்கு. தென்மேல் பருவத்தில் ஏடிஆர் பறக்கும் உயரத்தில் வீசும் காற்று பெரும்பாலும் பக்கவாட்டில்தான் படும். 275 நொட், அதாவது மணிக்கு 510 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானத்துக்குப் பக்கத்திலிருந்து 30 நொட் காற்று அடித்தாலும், முழுப் பயணத்தில் அது பறிப்பது கால் நிமிடம். இரண்டு திசையிலும் அதே கால் நிமிடம். அட்டவணையில் ஐந்து நிமிட வித்தியாசம் கண்டால் காரணம் காற்றல்ல, சென்னை ஓடுபாதையின் வரிசை.

டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். சென்னைக்கும் நமக்கும் கடிகாரம் ஒன்று என்பதால் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தாலே பயண நேரம் கிடைத்துவிடும். இலண்டன் டிக்கெட்டில் அப்படிக் கழித்தால் தலை சுற்றும். அங்கே குளிர்காலத்தில் ஐந்தரை மணி, கோடையில் நாலரை மணி வித்தியாசத்தைச் சேர்க்க வேண்டும். வன்னிக்காரர்களுக்கு இந்தக் கடிகாரக் குழப்பம் புதிதல்ல. 1996 மே மாதத்தில் அரசாங்கம் நேரத்தை ஒரு மணி முன்னே தள்ளியது, ஒக்ரோபரில் அரை மணியைப் பின்னே எடுத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. ஏ9 வீதி திறந்திருந்த 2002 முதல் 2006 வரையிலான காலத்தில் ஓமந்தையைக் கடந்தவர்களுக்கு அது நினைவிருக்கும்: தாண்டிக்குளத்தில் ஒரு நேரம், புளியங்குளத்தில் அரை மணி நேரம் குறைவாக இன்னொரு நேரம். அப்போது வன்னிக் கடிகாரமும் சென்னைக் கடிகாரமும் ஒன்றாக ஓடின, கொழும்புக் கடிகாரம்தான் வேறு.

தரைக்கு வருவோம். கிளிநொச்சி நகரத்திலிருந்து பலாலிக்கு நேர்கோட்டில் 59 கிலோமீட்டர். வீதியால் போனால் 75, 80 கிலோமீட்டர், ஏனென்றால் இடையில் கடல்நீரேரி கிடக்கிறது, ஏ9 வீதி ஆனையிறவைச் சுற்றித்தான் குடாநாட்டுக்குள் நுழைகிறது. பரந்தன், இயக்கச்சி, பளை, கொடிகாமம் என்று ஏ9ஆல் போய், யாழ் நகரத்துக்குள் இறங்காமல் மீசாலையிலிருந்து புத்தூர்ப் பக்கம் திரும்பி அச்சுவேலி வழியாகப் போவது சுருக்கம். யாழ்ப்பாணம் போய்ப் பலாலி வீதியால் ஏறினால் திருநெல்வேலியிலும் கோண்டாவிலிலும் நேரம் கரையும். வாகனத்தில் போனால் இரண்டு மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம் என்று சாரதிகள் சொல்வது உண்மைதான், ஆனால் அது வீதி வெறிச்சோடிக் கிடக்கும் நாளின் கணக்கு. அறுவடைக் காலத்தில் வீதியின் ஒரு பக்கத்தில் நெல் காயும், பொழுது சாய்ந்தால் தார் வீதியின் சூட்டுக்கு மாடுகள் வந்து படுக்கும், கார் 70க்கு மேல் போனால் பொலிஸ் கை காட்டும். விமானம் பத்து நிமிடம் பிந்தினால் அறிவிப்பாவது வரும். மாட்டுக்கு அட்டவணை கிடையாது.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். பலாலியிலிருந்து விமானம் பிற்பகல் 3.30க்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வதேசப் பயணத்துக்குப் பதிவுக் கருமபீடத்தை விமானம் கிளம்ப ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். அதன் பின் கெஞ்சிப் பயனில்லை. பலாலி விமானப்படைத் தளத்தோடு ஒட்டிய இடம் என்பதால் உள்ளே போகும் வழியிலும் சோதனைக்கு நேரம் விட வேண்டும். 12.45க்கு அங்கே நின்றால் பதற்றமில்லை. அப்படியானால் வீட்டை விட்டு 10.30க்குப் புறப்பட வேண்டும். 4.45க்குச் சென்னை. குடிவரவு, பயணப்பொதி, சுங்கம் எல்லாம் முடிந்து வெளியே வர 5.45. வாசலிலிருந்து வாசலுக்கு ஏழேகால் மணி நேரம், அதில் நிலத்தைத் தொடாமல் இருந்தது ஒரு மணிக்கும் குறைவு. அதே 3.30 விமானம் கட்டுநாயக்கவிலிருந்து என்றால்? கிளிநொச்சியிலிருந்து வவுனியா, மதவாச்சி, அநுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு என்று போனால் 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். முறிகண்டியில் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்காமல் எந்தச் சாரதியும் தெற்கே போகமாட்டார். சாப்பாட்டுக்கும் நிற்க வேண்டும், வயதானவர் இருந்தால் இடையில் இன்னும் இரண்டு தரம் நிற்க வேண்டும். ஆறரை மணி நேரம் விடுங்கள். விமான நிலையத்தில் மூன்று மணி நேரம். காலை ஆறு மணிக்கு வீட்டை விட்டவர் சென்னை நிலையத்தின் வாசலுக்கு வர மாலை ஆறு ஆகும். பன்னிரண்டு மணி நேரம்.

ஆகவே கிளிநொச்சிக்காரருக்கு என் பதில் தயக்கமில்லாமல் பலாலி. முல்லைத்தீவுக்கும் அதேதான். புதுக்குடியிருப்பு, விசுவமடு வழியாகப் பரந்தனுக்கு வர ஐம்பது கிலோமீட்டர் கூடும், அவ்வளவுதான். வவுனியாவுக்கு வந்தால் தராசு ஆடத் தொடங்குகிறது. அங்கிருந்து பலாலிக்கு மூன்று, மூன்றரை மணி நேரம், கட்டுநாயக்கவுக்கு ஐந்து மணி நேரம். மிச்சமாவது ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணிக்காகத் தெரிவுகளை இழக்கிறீர்கள். கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு ஒரே நாளில் பல விமானங்கள் உண்டு, ஒன்று தவறினால் அடுத்ததைப் பார்க்கலாம். பலாலியில் அன்றைய விமானம் போய்விட்டால் அன்றைய நாள் போய்விட்டது. வவுனியாவிலிருந்து கேட்பவருக்கு, நேரம் முக்கியமா நிச்சயம் முக்கியமா என்று திருப்பிக் கேட்பேன். மன்னாருக்கு 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு பூநகரி வழி சுலபமாகிவிட்டது. அவர்களும் பலாலிப் பக்கம் சாயலாம்.

இரணைமடுவில் ஓடுபாதை இருக்கிறதே, வவுனியாவிலும் இருக்கிறதே என்று தேநீர்க்கடைகளில் கேட்பவர்கள் உண்டு. இரண்டுமே விமானப்படைத் தளங்கள், டிக்கெட் வாங்கி ஏறும் பயணிகள் சேவை அங்கே இல்லை. பலாலியும் போர்க்காலத்தில் படைத்தளமாகவே இருந்தது. அதற்கு முந்தைய கதை வேறு. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை அமைத்த அந்த இடத்துக்குத்தான் 1947 டிசம்பர் 10 அன்று எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து வந்து, இங்கிருந்து சென்னைக்குப் பறந்தது. இப்போதைய சர்வதேச நிலையம் 2019 ஒக்ரோபர் 17 அன்று திறக்கப்பட்டது. அடுத்த மாதம் சென்னைச் சேவை தொடங்கியது, கொரோனாவில் நின்றது, 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. 2024 செப்டெம்பர் 1 முதல் இண்டிகோவும் இந்தப் பாதையில் இறங்கியது. இந்த வரலாற்றை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு: நின்று நின்று ஓடிய பாதை இது. விமான அட்டவணைகள் வருடத்தில் இரண்டு தரம், மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்ரோபர் கடைசி ஞாயிறும், மாறும். ஆகவே எந்தக் கிழமையில், எத்தனை மணிக்கு என்பதை நீங்கள் டிக்கெட் எடுக்கும் நாளில் பாருங்கள். என்னுடைய 3.30 வெறும் உதாரணம்.

நிச்சயமில்லாதவற்றில் முதலாவது வானிலை. ஒக்ரோபர் கடைசி முதல் டிசம்பர் வரை வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம், வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகும் காலம். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலுக்கும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயலுக்கும் சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் பல நாள் மூடிக் கிடந்தது. அப்படி ஒரு நாளில் 354 கிலோமீட்டரும் 75 நிமிடமும் காகிதத்தில் மட்டுமே இருக்கும். வைத்தியசாலைச் சந்திப்பு அந்த மாதங்களில் விழுந்தால் ஒரு நாள் முன்னதாகப் போவது போதாது, இரண்டு நாள் முன்னதாகப் போங்கள். தை பிறந்த பிறகு திகதியைத் தள்ளி வைக்க முடியுமானால் இன்னும் நல்லது. கண்புரை என்றால் சில வாரம் காத்திருப்பதில் பொதுவாகக் கெடுதல் இல்லை என்பார்கள், ஆனால் விழித்திரை விலகல் போன்றது என்றால் காத்திருக்கவே கூடாது. அந்த வித்தியாசத்தை வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்காக இரண்டு சிறிய விடயங்கள். ஏடிஆரில் பயணிகள் ஏறும் வாசல் வால் பக்கத்தில் இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவருக்கு முன்வரிசை நல்லது என்று நினைத்துக் கேட்டு வாங்கினால், ஒடுங்கிய நடைபாதையில் முழு விமானத்தையும் அவர் நடந்து கடக்க வேண்டும். பின்வரிசையைக் கேளுங்கள். தள்ளு நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே எழுதிவையுங்கள், வாசலில் போய்க் கேட்டால் காத்திருக்க நேரிடும்.

கடைசியாக, கேள்வியில் நீங்கள் தொடாத ஒன்று: திரும்பி வரும் பயணம். கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பின் பறப்பது பொதுவாகப் பிரச்சினையில்லை, வைத்தியர் சில நாளில் அனுமதிப்பார். விழித்திரைச் சத்திரசிகிச்சை வேறு. அதில் சிலவேளை கண்ணுக்குள் வாயுவை நிரப்பி வைப்பார்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறைவு, அந்த அழுத்தத்தில் கண்ணுக்குள் இருக்கும் வாயு விரியும். கண்ணின் உள் அழுத்தம் ஏறிப் பார்வையே போய்விடக்கூடும். பறப்பு 75 நிமிடம்தானே என்ற சமாதானம் இங்கே செல்லாது, ஏறுவதற்கான அந்தக் கால் மணி நேரமே போதும். வாயு முழுவதும் கரையும்வரை பறக்கக் கூடாது. அதன் வகையைப் பொறுத்து இரண்டு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். வாயுவுக்குப் பதிலாகச் சிலிக்கோன் எண்ணெய் வைத்திருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஆகவே திரும்பும் டிக்கெட்டை எடுப்பதற்கு முன் சத்திரசிகிச்சை செய்பவரிடம், "கண்ணுக்குள் வாயு வைப்பீர்களா, வைத்தால் எப்போது பறக்கலாம்" என்று கேட்டு, பதிலை எழுத்திலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாயு வைத்துவிட்டார்கள், அவ்வளவு நாள் சென்னையில் தங்க வசதியில்லை என்றால் கடல் வழி ஒன்று இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 110 கிலோமீட்டர், கப்பலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். 2023 ஒக்ரோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்ட் 16 முதல் மீண்டும் ஓடியது. சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரையிலான பாதையும் மேடில்லாத கரையோரப் பாதை, கடலும் கடல் மட்டம்தான், ஆகவே கண்ணுக்குள் இருக்கும் வாயுவுக்கு விரிய இடமில்லை. நேரக் கணக்கில் பார்த்தால் ஒரு முழு நாள் போய்விடும், அலையில் வாந்தி வரவும் கூடும், சத்திரசிகிச்சை செய்த கண்ணோடு வாந்தி எடுப்பது நல்லதா என்பதையும் அதே வைத்தியரிடம் கேளுங்கள். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர் இந்த வழியை நம்பித் திரும்பும் நாளைக் குறிக்க வேண்டாம்.